கலைஞர் குடும்பத்தின் செலவும் தங்கலும்: மட்டக்களப்புக் கூத்து மரபை முன்வைத்து ஒரு சமூகவியல் நோக்கு

1. முன்னுரை

கலை வரலாறு எம்மிடையே பெரும்பாலும் ஆக்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த நாடகம் எப்பொழுது அரங்கேறியது, எவர் எழுதினார், எவர் ஆடினார் என்பன பதிவாகின்றன. அந்நாடகம் உருப்பெற்ற மாதங்களில் அதனைப் பயிற்றியவர் எவ்வூரில் தங்கினார், எவர் வீட்டில் உண்டார், அவர் வீட்டு அடுப்பை அக்காலத்தில் எரிய வைத்தவர் யார் என்பன பதிவாவதில்லை. இவ்வினாக்கள் கலைக்குப் புறம்பானவை எனக் கருதுவோர் உளர். உற்பத்தியை ஆராய்பவன் உற்பத்தியாளனின் வாழ்க்கைச் சாதனங்களையும் ஆராய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வோமாயின் இவை கலைக்கு அடிப்படையான வினாக்களேயாம்.

பழந்தமிழிற் 'செலவு' என்னுஞ் சொல் பயணத்தைக் குறித்தது. பொருள்தேடச் செல்லக் கருதிய தலைவன் தலைவியின் துயர்கண்டு பயணத்தைத் தவிர்த்தலைச் 'செலவழுங்குதல்' என்றனர் அகப்பொருள் நூலார். இன்று அச்சொல் பொருள் கழிதலையே பெரிதும் உணர்த்துகின்றது. கலைஞனைப் பொறுத்தவரை இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியா. அவன் மேற்கொள்ளும் ஒவ்வொரு பயணத்திற்கும் ஒருவர் செலவு செய்கின்றார். அவர் யார் என்பதே இக்கட்டுரையின் வினா. மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வழங்கும் கூத்து மரபு இதனை ஆராய்வதற்கு வாய்ப்பான களமாக அமைகின்றது.

2. பாணனும் விறலியும்: பழைய சான்று

கலைஞர் இணையராகவும் சுற்றத்தோடும் ஊர்விட்டு ஊர் சென்றமைக்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சான்று ஆற்றுப்படை இலக்கியமாகும். பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் மலைபடுகடாம் ஆகிய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞர் பரிசில் நாடிச் செல்லும் கலைஞருக்கு வழிகூறும் அமைப்பினையுடையன. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலும், பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆங்கில நூலும் இக்கலைஞர் குழாங்களை அவற்றின் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கின.

ஆற்றுப்படைகளின் வள்ளன்மைக் காட்சிகள் பலரும் அறிந்தவை. பாணனுக்குப் பொற்றாமரை கிடைக்கின்றது. விறலிக்குப் பொன்னரிமாலை கிடைக்கின்றது. கரிகாலன் தன்னிடம் தங்கிய பொருநனைப் பிரிய மனமின்றி ஏழடி பின்சென்று வழியனுப்புகின்றான். எனினும் எமது ஆய்வுக்கு இதனினும் முக்கியமானது சிறுபாணாற்றுப்படை காட்டும் வறுமைக் காட்சியாகும். பாழடைந்த அடுக்களையில் ஈன்ற நாய் கிடக்கின்றது. சுவரைக் கறையான் அரித்துள்ளது. குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து வந்து உப்புமின்றி அவித்துப், பிறர் காணாமற் கதவடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்துண்கின்றாள் கிணை கொட்டுவோனின் மனையாள். மன்னன் அளித்த பொன்னைக் கலையின் ஊதியமாகக் காணும் நாம் இவள் கொய்த கீரையைக் கலையின் முதலீடாகக் காண்பதில்லை. பரிசில் கிடைக்கும்வரை கலைஞனையும் அவன் சுற்றத்தையும் உயிரோடு வைத்திருந்தது அக்கீரையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்னொரு சான்றும் குறிப்பிடற்பாலது. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கி, உறவினர்க்கும் கடன் தந்தோர்க்கும் யாவர்க்கும் தம்மைக் கேளாமலே வாரிக் கொடுக்குமாறு கூறும் பாடல் புறநானூற்றில் உண்டு. கொடைச் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகவே இதனை ஆசிரியர் கற்பிப்பர். பொருளியல் நோக்கிற் காணின் அப்பாடல் ஒரு கணக்கேடாகும். புலவர் வெளியே சென்ற நாள்களில் அம்மனைவி அயலாரிடம் கடன்பெற்றுக் குடும்பத்தை நடத்தினாள்; வந்த பரிசில் அக்கடனை அடைக்கவே சென்றது. வள்ளலின் கொடையும் அயலாரின் கைமாற்றும் சேர்ந்தே கவிதையைத் தாங்கின.

3. வாவியும் போடியாரும்

மட்டக்களப்பு வாவி கரையோரத்துக்கு ஒருமருங்காக வடக்குத் தெற்காய் நீண்டு கிடப்பது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையிற் குடிமனைகள் நெருங்கியுள்ளன. படுவான்கரையில் நெல்வயல்கள் பரந்துள்ளன. எழுவான்கரையில் வாழும் உழவர் பலர் வாவியைக் கடந்து வயலுக்குச் சென்று, வேளாண்மைக் காலத்தில் வாடி அமைத்து அங்கேயே தங்குவர். எனவே வீட்டைவிட்டுச் சென்று தங்கி உழைத்தல் இப்பிரதேசத்திற் கலைஞருக்கு மாத்திரம் உரிய வழக்கன்று. உழைப்பின் பொது வடிவமே அது.

இவ்வேளாண்மையின் தலைவர் போடியார். நிலமும் விதைநெல்லும் மாடுகளும் அவருடையவை. முல்லைக்காரரும் கூலிக்காரரும் அவர்கீழ் உழைத்தனர். கோயிற் கருமங்களிலும் ஊர்க் கருமங்களிலும் அவருக்கே முதன்மை இருந்தது. கூத்துக்கு ஆதரவு நல்கியோருள்ளும் போடிமார் இருந்தனர். ஆயினும் ஆடியோர் பெரும்பாலும் உழவரும் மீன்பிடிப்போரும் கூலியாளருமே. நிலமானிய உறவுகள் நிலவிய ஓரிடத்தில் உழைப்போர் தம் ஓய்வுக் காலத்தை ஒன்றுதிரட்டி அரசராயும் வீரராயும் களரியில் நின்றமை கூத்தின் உள்முரண்பாடுகளுள் ஒன்றாகும்.

முன்மாரி வேளாண்மை அறுவடையான பின்னர் கைக்குச் சிறிது நெல்லும் உடலுக்குச் சிறிது ஓய்வும் கிடைக்கும் காலமே கூத்துப் பழகும் காலமாயிற்று. வைகாசியில் வரும் கண்ணகியம்மன் சடங்குகளும் ஏனைய கோயில் விழாக்களும் அரங்கேற்றத்திற்கு நாள் குறித்தன. கூத்தின் நாட்காட்டி வயலின் நாட்காட்டியைப் பின்பற்றியது என இதனைச் சுருக்கிக் கூறலாம்.

4. அண்ணாவியாரின் தங்கல்

தம்மூரில் அண்ணாவியார் இல்லாதவிடத்து அயலூர் அண்ணாவியாரை அழைத்துக் கூத்துப் பழகுவது வழக்கம். அவர் பாட்டும் தாளக்கட்டும் ஆட்டமும் அறிந்தவர், மத்தளம் வாசிப்பவர், கூத்துக் கொப்பியைப் பேணுபவர். பயிற்சி ஒருசில நாள்களில் முடிவதன்று. முதலிற் பாத்திரத்திற்கேற்ற ஆட்களைத் தெரிந்து 'சட்டங் கொடுத்தல்' நிகழும். அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் கையளிக்கப்படுதலே அது. பின்னர் இரவுதோறும் ஆட்டம் பழகப்படும். கிழமைக்கொருமுறை பழகியதை ஊரார்முன் ஆடிக்காட்டும் கிழமைக் கூத்து நிகழும். அதன்பின் சதங்கை அணிதல், தொடக்கம் முதல் இறுதிவரை ஒழுங்காய் ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல் என்பன வரும். முடிவில் வட்டக் களரியில் விடியும்வரை அரங்கேற்றம். அரங்கேற்றத்தின் பின் வீட்டுக்கு வீடு ஆடிச் செலவுக்குப் பணந்திரட்டும் வழக்கமும் இருந்தது.

இவ்வாறு பல மாதங்கள் நிகழும் பயிற்சியில் அண்ணாவியார் அவ்வூரின் விருந்தாளியாகவும் ஆசானாகவும் இருப்பார். உணவை ஊர் ஏற்கும். இறுதியில் வேட்டி, சால்வை, பணம் முதலியன வழங்கப்படும். இதனைக் கூலி என்று எவரும் கூறுவதில்லை. தட்சணை, சன்மானம் என்பர். சொல்லின் மரியாதை தொகையின் சிறுமையை மறைத்தது. தட்சணைக்குப் பேரம் பேசுதல் ஆசானுக்கு இழுக்கு எனக் கருதப்பட்டமையால் உழைத்த நாள்களுக்கேற்ற ஊதியத்தைக் கேட்டுப்பெறும் வாய்ப்பும் அவருக்கு இருக்கவில்லை.

எனினும் இத்தங்கலின் கலைப்பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. பயிற்சி இரவில் நிகழ்ந்தது. கல்வியோ பகலிலும் தொடர்ந்தது. திண்ணையிலும் வயல்வரம்பிலும் தோணியிலும் அண்ணாவியாரோடு இருந்தவர்கள் பாட்டின் இராகத்தையும், கதையின் கிளைகளையும், மற்றை ஊர்களில் அதே வரவு எவ்வாறு ஆடப்படுகின்றது என்பதையும் கேட்டறிந்தனர். கொப்பியில் எழுதப்படாத அறிவு இவ்வாறே கைமாறிற்று. உடனுறைந்து கற்றல் எனும் இம்முறையில் தங்கல் என்பது கற்பித்தலின் ஒரு பகுதியேயாகும்.

5. வீடு பெண்ணுடையது

அண்ணாவியார் அயலூரிற் தங்கிய மாதங்களில் அவர் வீடு எவ்வாறு நடந்தது? இவ்வினாவிற்கு விடைகாண மட்டக்களப்பின் குடிமுறையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இப்பிரதேசத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி தாய்வழியாகக் கணிக்கப்படும். மணமானவன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். வீடும் காணியும் சீதனமாகப் பெண்மக்களுக்கே பெரிதும் சென்றன. மூத்த மகள் மணமுடித்ததும் பெற்றோர் வீட்டை அவளிடம் விட்டு அருகே வேறு மனை அமைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இதனால் தாயும் பெண்மக்களும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வர். 1876இல் பிரிட்டோ வெளியிட்ட முக்குவர் சட்டம் பற்றிய நூல் இவ்வழக்குகளின் பழைய வடிவைப் பதிவு செய்தது.

இவ்வமைப்பு கலைஞரின் பயணத்தோடு இருவகையில் தொடர்புறுகின்றது எனக் கருத இடமுண்டு. முதலாவது, கணவன் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பினும் மனைவி தன் சொந்த வீட்டில், தாயும் சகோதரிகளும் சூழ வாழ்ந்தாள். பிள்ளையைப் பார்ப்பதற்கும், கைமாற்றாய் அரிசி பெறுவதற்கும், நோயுற்றால் உடனிருப்பதற்கும் ஆட்கள் இருந்தனர். அண்ணாவியாரின் நீண்ட தங்கலைச் சாத்தியமாக்கியதில் அழைத்த ஊரின் விருந்தோம்பலுக்கு எத்துணைப் பங்குண்டோ, அவர் மனைவியின் தாய்வழிச் சுற்றத்தின் உழைப்புக்கும் அத்துணைப் பங்குண்டு.

இரண்டாவது, மணவினையே கலையின் ஒரு பாதையாயிற்று. வேற்றூரில் மணமுடித்த கலைஞன் தன் ஆட்டத்தையும் பாட்டையும் மனைவியின் ஊருக்குக் கொண்டுசென்றான். ஆயினும் அவன் தாயின் குடியைச் சேர்ந்தவனாகவே இருந்தான். கோயில் விழாக்களில் உரிமைகள் குடிமுறையாற் பகிரப்பட்டமையால், திருவிழாக் காலத்திற் தாயூருக்கு மீண்டுவருதல் கடமையாயிற்று. உறவினரைக் காணச் செல்லும் இப்பயணங்கள் ஊர்களுக்கிடையே கூத்துச் செய்திகளையும் கொப்பிகளையும் ஆட்ட நுணுக்கங்களையும் கொண்டுசென்றன. குடும்பப் போக்குவரவும் கலைப் போக்குவரவும் ஒரே தோணியிற் சென்றன எனலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. வீடு பெண்ணுக்குரியது என்பதனால் அதிகாரமும் அவளுக்குரியது எனக் கொள்ளலாகாது. காணியின் முகாமை, கோயிற் கருமம், ஊர் மன்று என்பன ஆண்களின் கையிலேயே இருந்தன. களரியும் அவ்வாறே. மரபுவழிக் கூத்திற் பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பழைய விறலி ஆடியும் பாடியும் பாணனோடு வழிநடந்தவள். அவளையே விளித்து ஆற்றுப்படுத்தும் விறலியாற்றுப்படை என்றொரு துறையும் உண்டு. அண்ணாவியாரின் மனைவியோ ஆட்டத்தினின்றும் பயணத்தினின்றும் விலக்கப்பட்டு, அவ்விரண்டையும் தாங்கும் வீட்டில் நிறுத்தப்பட்டாள். கலைஞர் இணையர் என்ற நிலையிலிருந்து கலைஞனும் அவன் குடும்பமும் என்ற நிலைக்கு நிகழ்ந்த இம்மாற்றம் பெண்ணின் உழைப்புக் குறைந்தமையைக் காட்டவில்லை. அவ்வுழைப்பு கண்ணுக்குப் புலப்படாமற் போனமையையே காட்டுகின்றது.

6. பல்கலைக்கழக அரங்கும் புதிய இணையரும்

1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் மரபு வடிவத்தின் ஆற்றலை உணர்த்தியபின், தமிழ்க் கூத்தின்பாலும் பல்கலைக்கழகத்தாரின் கவனம் திரும்பியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலி வதை ஆகியவற்றைத் தயாரித்தார். கூத்துப் பயிற்றும் பணியில் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பங்கு குறிப்பிடத்தக்கது. வாவிக்கரைக் கலைஞர் மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவருக்கு ஆசானானமை தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். விடியும்வரை ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. வட்டக் களரி படச்சட்ட மேடையாயிற்று. கூத்துப் படித்தவரின் மதிப்பைப் பெற்றது.

அம்மதிப்பு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது. சான்றிதழுடைய அறிவுக்குப் பதவியும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. சான்றிதழற்ற அறிவுக்குச் சால்வை உண்டு. இது தனிமனிதர் எவரதும் குறையன்று. மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்து வைக்கும் வர்க்க சமூகத்தின் பொதுவிதி கலைத்துறையில் வெளிப்படுமாறேயாகும்.

இவ்வரங்கில் வளர்ந்த அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு பின்னர் கூத்தின் ஆய்வாளராகவும் அரங்கியலாளராகவும் விளங்கினார். அவரது 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' 1998இல் நூலாயிற்று. அவர் துணைவியார் சித்திரலேகா இலக்கியத் திறனாய்விலும் பெண்ணிலைவாத ஆய்விலும் தமக்கெனத் தனியிடம் பெற்றவர். 1979இல் வெளிவந்த 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' என்ற நூலில் மௌனகுரு, சித்திரலேகா, எம். ஏ. நுஃமான் ஆகிய மூவரும் ஆசிரியராவர். 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளியான 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண்கள் கவிதைத் தொகுதி சித்திரலேகாவின் பதிப்பில் வந்தது. இருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினர்.

இவ்விணையரைப் புகழ்வது எமது நோக்கமன்று. வரலாற்று நிரலில் அவர்களின் இடத்தைச் சுட்டுவதே நோக்கம். அண்ணாவியாரின் மனைவியது பெயர் எக்கொப்பியிலும் இல்லை. இங்கோ மனைவியின் பெயர் நூலின் முகப்பில் ஆசிரியர் பெயராகவே நிற்கின்றது. இம்மாற்றத்தைத் தந்தது தனிப்பட்ட நற்பண்பு மாத்திரமன்று. இலவசக் கல்வியும், பெண்ணுக்குக் கிடைத்த சம்பள உத்தியோகமும், பெண்கள் இயக்கங்களின் எழுச்சியும் அதன் பொருளியல், சமூக அடிப்படைகளாகும். அவ்வடிப்படைகள் சென்றடையாத குடிசைகளில் நிலைமை பழையவாறே தொடர்ந்தது.

7. செலவு இடப்பெயர்வானபோது

1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் வீடுகளையும் தென்னந்தோட்டங்களையும் பெருமளவில் அழித்தது. அதன்பின் வந்த போர்க்காலம் பயணத்தின் பொருளையே மாற்றிற்று. கூத்துக்கு இரவு வேண்டும். ஊரடங்கு இரவைப் பறித்தது. கூத்துக்கு இளைஞர் கூட்டம் வேண்டும். இளைஞர் கூடுதலே ஐயத்துக்குரியதாயிற்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையினின்றும் படுவான்கரையினின்றும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். தங்கல் என்பது முகாம் வாழ்வாயிற்று.

போர் முடிந்தபின் 2013இற் கல்லடியில் புதிய பாலமும் 2014இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. முன்னர் மண்முனைத் துறையிற் 'பாதை' எனப்படும் மிதவையை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் இன்று சில நிமிடங்களில் வாவியைக் கடக்கின்றனர். இது மக்களுக்குக் கிடைத்த பெருநன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் மோட்டார் சைக்கிளில் வந்து பழக்கிவிட்டு அன்றிரவே வீடு மீளக்கூடிய அண்ணாவியார் அவ்வூரிற் தங்க வேண்டியதில்லை. பயிற்சி எஞ்சும், தங்கல் எஞ்சாது. திண்ணையிற் கைமாறிய அறிவுக்கு வேறு வழி காணப்படல் வேண்டும்.

குடும்பத்திலும் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்துள்ளது. வறிய குடும்பங்களிலிருந்து பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். இன்று பொருள்வயிற் செலவு மேற்கொள்பவள் தலைவி. அவளுக்காகச் செலவழுங்குவார் எவருமில்லை. கூத்தைத் தாங்கிய பெண்ணுழைப்பு வீட்டைவிட்டு வெளிநாடு சென்றுவிட்டபின், மரபைக் காப்போம் என மேடையிற் கூறுவது வெறும் பேச்சாகவே முடியும்.

8. உறைவிடத் திட்டங்கள்

கலைஞருக்குச் சிலகாலம் உணவும் உறையுளும் அளித்துப் படைக்கச் செய்யும் உறைவிடத் திட்டங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. அவற்றுள் முன்னோடியான ஒன்றை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907இல் நிறுவியவர்கள் மாக்டவல் என்னும் இசைக்கலைஞர் இணையர். கணவர் 1908இல் மறைந்தபின், பியானோக் கலைஞரான மனைவி மரியன் ஊர்ஊராய்ச் சென்று இசைத்தும் உரையாற்றியும் நிதிதிரட்டி அதனை வளர்த்தார். தமிழகத்தில் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இற் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஓவியர்கள் குடும்பத்தோடு குடியேறினர். பத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஓவியத்தைத் தாங்கினர். இலங்கையில் 2000இல் தொடங்கிய தீர்த்த கலைஞர் அமைப்பும் இத்தகைய திட்டங்களை நடத்தியுள்ளது.

இவற்றை அண்ணாவியாரின் தங்கலோடு ஒப்புநோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். நவீன உறைவிடம் பெரும்பாலும் கலைஞனை அவனது அன்றாட வாழ்வினின்றும் பிரித்துத் தனிமை அளிக்கின்றது. அத்தனிமையில் தோன்றும் ஆக்கம் சந்தைக்குச் செல்கின்றது. அண்ணாவியாரின் தங்கலோ அவரை மற்றோர் ஊரின் அன்றாட வாழ்விற் சேர்த்தது. அதிற் தோன்றிய ஆக்கம் அவ்வூராரின் உடலிலேயே தங்கிற்று. முன்னையதிற் சுதந்திரம் உண்டு, சமூகம் இல்லை. பின்னையதிற் சமூகம் உண்டு, ஆனால் அது சாதியும் போடியாரும் ஆண் முதன்மையும் உடைய சமூகம். ஆகவே பழையதை அவ்வாறே மீட்க வேண்டும் என்பது எம் கருத்தன்று.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று, அண்ணாவியாரை அழைக்கும் கல்விநிறுவனங்கள் அவரை விருந்தாளியாகவன்றி ஆசிரியராகக் கொண்டு, அவர் தங்கும் காலம் முழுவதற்கும் ஊதியம் வழங்க வேண்டும். முதுமையிற் கிடைக்கும் விருது அக்கடனைத் தீர்த்துவிடாது. இரண்டு, அவ்வூதியம் கணிக்கப்படும்போது அவர் இல்லாத வீட்டின் செலவும் கணக்கிற் சேர்தல் வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் உடன்வந்து தங்குவதற்கும் இடம் இருத்தல் வேண்டும். மூன்று, கூத்தின் வரலாற்றை எழுதுவோர் கொப்பியையும் களரியையும் பதிவதோடு நில்லாது, அண்ணாவிமாரின் மனைவியர், தாயர், மகளிர் ஆகியோரின் நினைவுகளையும் பதிதல் வேண்டும். எவ்வாண்டில் எவ்வூரில் எக்கூத்துப் பழகப்பட்டது என்பதை அவர்கள் அவ்வாண்டின் பசியைக் கொண்டு நினைவுகூர்வர். கூத்தின் உற்பத்திச் செலவு எழுதப்பட்டுள்ள ஒரே ஏடு அவர்களின் நினைவே. அவ்வேட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூப்பினால் எம்மைவிட்டு நீங்கி வருகின்றனர். ஆய்வாளர் வாவியைக் கடக்க இனிப் பாதைக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை.